கருத்து இருந்தால் பிரேக் உண்டு

பிரேக் பிடிக்காத காரைக் கொண்டுபோனால் மற்ற இடங்களில், "எப்பலேர்ந்து பிடிக்கல?" என்று கேட்பார்கள். எங்கள் கார் கம்பெனியின் சர்வீஸ் சென்டரில், "வேலைநிறுத்தத்தைப் பத்தி உங்க கருத்து என்ன சார்?" என்று கேட்டார்கள். நானும் பெரிய புத்திசாலி மாதிரி, "அதுக்கும் பிரேக்குக்கும் என்னம்மா சம்பந்தம்?" என்று திருப்பிக் கேட்டுத் தொலைத்தேன். அந்த வாயை மூடிக்கொண்டிருந்தால் ஒரு மாதம் மிச்சமாகியிருக்கும்.

நான் பல்செட் கட்டுகிறவன். வீட்டு முன்னறைதான் பட்டறை. அடுத்தவர் வாயைப் பார்த்தே வயிறு வளர்க்கிற எனக்கு, என் வாயை எப்போது மூடவேண்டும் என்பது மட்டும் ஐம்பத்திரண்டு வயது வரை பிடிபடவில்லை.

கார் எனக்கு ஆடம்பரம் கிடையாது. என் மனைவிக்குச் சிறுநீரகம் இரண்டும் கைவிட்டுவிட்டன. வாரத்துக்கு மூன்று நாள் ஊரின் மறுகோடியில் இருக்கும் ஆஸ்பத்திரிக்குப் போய் நான்கு மணி நேரம் மெஷினோடு கட்டிப்போட்டுக்கொள்ள வேண்டும். காரில் முப்பத்தைந்து நிமிஷம். பஸ்ஸில் இரண்டு மாற்று, இரண்டு மணி நேரம். போகும்போது பரவாயில்லை. ரத்தத்தைச் சுத்தம் செய்து அனுப்பிய பிறகு அவளால் ஒரு கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கக்கூட முடியாது. அந்தக் கார்தான் ஒரு காலை காய்கறிக் கடையின் முன்னால் நான் மிதித்த மிதிக்குத் தரை வரை இறங்கி, நிற்கலாமா வேண்டாமா என்று யோசித்துவிட்டு, ஒரு மின்கம்பத்துக்கு அரை அடி முன்னால் நின்றது.

சர்வீஸ் சென்டர் பெண் நல்ல பெண்தான். "மாஸ்டர் சிலிண்டர் போயிடுச்சு சார். வாரண்டியில இருக்கு, ஓசியிலயே மாத்தலாம். ஆனா ஃபேக்டரியில ஸ்ட்ரைக். குடோன்ல இருக்கற பார்ட்ஸை விசுவாசத்தோட அடிப்படையிலதான் தர்றாங்க. ரெண்டாவது மாடிக்குப் போங்க" என்றாள்.

"நான் வாங்கின மூணு காரும் உங்க கம்பெனிதாம்மா. இதுக்கு மேல என்ன விசுவாசம்?"

"அதை மேலதான் சார் முடிவு பண்ணுவாங்க."

மாடியில் 'வாடிக்கையாளர் விசுவாசத் துறை' என்று பித்தளையில் பலகை. உள்ளே ஏஸி, காபி மெஷின், ஒரு விசுவாச அதிகாரி. பற்கள் முப்பத்திரண்டும் ஒரே அளவு, ஒரே வெள்ளை, ஒன்றுகூட அவருடையதில்லை. நல்ல வேலைப்பாடு, வாயைவிடப் பற்கள் விலை அதிகம். அவர் ஒரு படிவத்தை நீட்டினார்.

முதல் கேள்வி: 'தொழிலாளர்கள் கேட்கும் சம்பளம் எப்படி இருக்கிறது?' பதில்கள் மூன்று. அதிகம். மிக அதிகம். கேட்டாலே மயக்கம் வருகிறது.

"எவ்வளவு கேக்கறாங்கன்னு போட்டிருந்தா நல்லா இருக்கும் சார்" என்றேன்.

அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "அதைச் சொன்னா உங்க கருத்து கெட்டுப்போயிடும் சார். தெரிஞ்சுக்கிட்டுச் சொன்னா அது தகவல். தெரியாமச் சொன்னாத்தான் கருத்து. எங்களுக்குத் தகவல் நிறைய இருக்கு. அதை வெச்சுக்கிட்டு நாங்க படற பாடு எங்களுக்குத்தான் தெரியும். எங்களுக்கு வேண்டியது கருத்து."

"எனக்குத் தெரியலையே சார்."

"தெரியலைங்கற கட்டம் இல்ல பாருங்க." உண்மைதான், இல்லை. "பிரச்சினை இல்ல. உங்களை மாதிரி ஆளுங்களுக்குன்னே ஒரு அறை வெச்சிருக்கோம்."

அறைக்கு 'கருத்து முதிராதோர்' என்று பெயர். அதில் கிளட்ச் போன ஒரு பாட்டு டீச்சரும், கதவுக் கண்ணாடி ஏறாத ஒரு கணக்கு வாத்தியாரும் ஏற்கெனவே உட்கார்ந்திருந்தார்கள். வாத்தியார் ஆறு நாளாக வருகிறாராம். அவர் செய்த குற்றம், மேலாளர்களுக்கு எவ்வளவு சம்பளம் என்று ஓரத்தில் பென்சிலால் எழுதிக் கேட்டது. எங்களுக்கு ஒரு படம் போட்டுக் காட்டினார்கள். ஒரு தொழிலாளி சோபாவில் சாய்ந்துகொண்டு காபி குடிக்கிறான். அவ்வளவுதான் படம், இருபது நிமிஷம். நடுவில் அவன் இன்னொரு காபி கேட்டபோது பின்னணி இசை பயங்கரமாக ஒலித்தது.

வீட்டுக்கு வந்து சொன்னபோது என் மச்சினன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். என் மனைவியின் தம்பி அவன். அதே ஃபேக்டரியில், காரில் பிரேக் மாட்டுகிற வரிசையிலேயே வேலை. பத்து நாளாக வாசலில் கொடி பிடித்துக்கொண்டு நிற்கிறான்.

"மாமா, அந்த சிலிண்டரைத் தெனம் இருநூறு மாட்டறேன் நான். ரெண்டு நட்டு, ரெண்டு குழாய். கண்ணைக் கட்டிவிட்டாலும் மாட்டுவேன். பார்ட்டுதான் கையில இல்ல, அது அவனுங்க குடோன்ல கிடக்கு."

"நீங்க ஸ்ட்ரைக்கை முடிச்சா என் வண்டி ஓடும்டா" என்றேன், கொஞ்சம் கடுப்பாகவே.

"முடிக்கறோம் மாமா. எட்டு வருஷமா ஒரே சம்பளம். நான் செய்யற காரை நானே வாங்க முடியல" என்றான். கோபப்படாமல்தான் சொன்னான். பிறகு அக்காவிடம் திரும்பி, "நாளைக்கு நீ ரெடியா இரு, பஸ்ல நான் கூட்டிட்டுப் போறேன்" என்றான். மாமா வேலையைப் போட்டுவிட்டு வரவேண்டாம், நான்தான் சும்மா இருக்கிறேனே என்றான். வாரத்தில் மூன்று நாள் வாசலில் நிற்கிற முறையை வேறு யாரோ ஒருவனிடம் மாற்றிக்கொண்டு அவளோடு போனான். நான்கு மணி நேரம் ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்திருப்பான்.

இதற்கிடையில் என் பட்டறைக்கு வருகிறவர்களுக்கெல்லாம் கருத்து பொத்துக்கொண்டு வந்தது. அளவெடுக்க வாயில் மாவைத் திணித்த பிறகும் பேசினார்கள். ஒரு ரிட்டயர்டு ஆபீசர், மேல் அண்ணம் முழுக்க மாவு, "அஅனுங்களுக்குக் கொஉப்பு" என்று கையை ஆட்டி ஆட்டி என் வேலையையே கெடுத்தார். அவருடைய பென்ஷனுக்காக ஒரு காலத்தில் அவரே மூன்று மாதம் ஆபீசைப் பூட்டிப் போட்டவர்தான். அதை ஞாபகப்படுத்தலாம் என்று பார்த்தேன். மாவு காய்வதற்குள் சண்டை வேண்டாமென்று விட்டுவிட்டேன்.

இரண்டாவது வாரம் விசுவாசத் துறையில் பயிற்சி வைத்தார்கள். ஃபேக்டரி வாசலைக் கடக்கும்போது வாடிக்கையாளர்கள் எப்படி ஹாரன் அடிக்க வேண்டும் என்பது பாடம். தொழிலாளர்களுக்கு ஆதரவாகச் சிலர் ஹாரன் அடித்துவிட்டுப் போகிறார்களாம், அதோடு நம்முடையது கலந்துவிடக் கூடாதாம். நீளமாக ஒன்று, குட்டையாக இரண்டு. அதுதான் வெறுப்பு ஹாரன்.

எங்கள் யாருடைய வண்டியும் ஓடாது, அதனால்தானே வந்திருக்கிறோம். எனவே நாற்காலிகளை வரிசையாகப் போட்டு, அதில் உட்காரவைத்து, வாயாலேயே அடிக்கச் சொன்னார்கள். முப்பது பேர், படித்தவர்கள், பேரன் பேத்தி எடுத்தவர்கள், எதிர்ச் சுவரைப் பார்த்து "பீ...ம், பீம், பீம்" என்று கத்தினோம்.

"அடிவயித்துலேர்ந்து வரணும்! உங்க வரிப்பணம், உங்க காரு, உங்க நேரம்! அவன் என்னன்னா நிழல்ல நிக்கறான்!" என்று பயிற்சியாளர் கத்தினார்.

பாட்டு டீச்சருக்குச் சுருதி சுத்தமாக இருக்கிறது என்று அன்றைக்கே கிளட்ச் கிடைத்துவிட்டது. எனக்குத் தொண்டை கட்டியதுதான் மிச்சம். கணக்கு வாத்தியார் ஹாரன் அடிக்க மறுத்து, கதவுக் கண்ணாடிக்குப் பதிலாக அட்டையை ஒட்டிக்கொண்டு, "போங்கடா நீங்களும் உங்க காரும்" என்று கிளம்பிவிட்டார். அவருக்குக் கதவுக் கண்ணாடிதான் பிரச்சினை, போகலாம். எனக்குப் பிரேக். நான் எங்கே போவது?

மூன்றாவது வாரம் எங்களை ஃபேக்டரிக்கே அழைத்துப் போனார்கள், பின்வாசல் வழியாக. தொழிலாளி இல்லாமலும் கார் ஓடிவரும் என்று காட்டுவதற்காக. உள்ளே மேலாளர்கள் டையைத் தோள்மேல் தூக்கிப் போட்டுக்கொண்டு வரிசையில் நின்றார்கள். பிரேக் மாட்டும் இடத்தில் ஆறு பேர். முதல் நட்டை எந்தப் பக்கம் திருகுவது என்பது பற்றிக் காலையில் கூட்டம் போட்டிருந்தார்கள். தீர்மானம் கையெழுத்துக்குப் போயிருந்ததால் நட்டு காத்திருந்தது. இருபத்தைந்து நாளில் ஒரு கார் முடித்திருந்தார்கள். அதற்கு மாலை போட்டு நிறுத்தியிருந்தார்கள். கிட்டே போனேன். பின்சீட்டு முன்பக்கம் பார்க்கவில்லை. 'குடும்பத்தினர் முகம் பார்த்துப் பேச' என்று அதன்மேல் ஓர் அட்டை வைத்துச் சமாளித்திருந்தார்கள்.

பொது மேலாளர் ஒரு பெட்டிமேல் ஏறிப் பேசினார்.

"வாடிக்கையாளர் பெருமக்களே! இந்த வேலையில என்ன கஷ்டம் இருக்குன்னு அவங்க சம்பளம் கேக்கறாங்கன்னு நானே இறங்கிப் பாத்துட்டேன். ஒண்ணும் கிடையாது. குனிஞ்சு நிமிரணும், அவ்வளவுதான். ரெண்டு நாள் குனிஞ்சேன், மூணாவது நாள் நிமிர முடியல. டாக்டர் ஆறு வாரம் படுக்கணும்னார். அப்பவும் நான் வந்திருக்கேன்னா அது தியாகம். அந்தத் தியாகத்தை மதிச்சு, வரிசையில நிக்கற எங்க ஒவ்வொருத்தருக்கும் நிர்வாகம் ஒரு கஷ்டப்படி தருது. அது அவங்க கேக்கற உயர்வைவிடக் கொஞ்சம் அதிகம்தான். ஏன்னா நாங்க இதுக்குப் பழக்கமில்லாதவங்க! பழகினவனுக்கு எதுக்குங்க காசு?"

எல்லோரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன். தட்டாதவர்களைக் குறித்துக்கொள்ள ஒருவர் நோட்டோடு நின்றார்.

"இன்னொண்ணு யோசிச்சுப் பாருங்க. நாம செய்யற காரை வாங்கற அளவுக்குச் சம்பளம் வேணுமாம் அவனுக்கு. அவனே வாங்கிட்டா, அப்புறம் அதை வாங்கறதுல உங்களுக்கு என்ன மரியாதை? நாங்க அவங்க வயித்துல அடிக்கல சார். உங்க கௌரவத்தைக் காப்பாத்தறோம்!"

கைதட்டல் அடங்க ஐந்து நிமிஷம் ஆயிற்று.

அந்த வாரக் கடைசியில்தான் அது நடந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வரும்போது இரண்டாவது பஸ்ஸில் என் மனைவி மயங்கி விழுந்துவிட்டாள். படிக்கட்டுக் கம்பியில் நெற்றி இடித்து ரத்தம். மச்சினன் எங்கள் தெருமுனை கிளினிக்கில் தையல் போடவைத்து, அங்கிருந்து அவளைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தே வந்தான். சட்டை முழுக்க அவள் ரத்தமும் அவன் வியர்வையும். அவளைப் படுக்கவைத்துவிட்டு எங்கள் வீட்டிலேயே தரையில் விழுந்து மத்தியானம் முழுக்கத் தூங்கினான்.

அவள் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்து, "ஏங்க, எப்படியாவது அந்த வண்டியைச் சரி பண்ணுங்க. இன்னொரு தடவை பஸ்ஸுன்னா நான் போகவே மாட்டேன். செத்தாலும் பரவால்ல" என்றாள். மறுநாள் காலை ஒன்பதுக்கெல்லாம் இரண்டாவது மாடியில் இருந்தேன்.

"சார், எனக்குக் கருத்து வந்துடுச்சு" என்றேன்.

விசுவாச அதிகாரி எழுந்து வந்து கட்டிக்கொண்டார். முதல் படிவத்தில் 'கேட்டாலே மயக்கம் வருகிறது' என்பதில் டிக் போட்டேன். அதற்குக் கைகுலுக்கினார். பிறகு இழுப்பறையிலிருந்து இன்னொரு தாளை எடுத்தார். "வெறும் கருத்து இப்ப நிறைய வருது சார். குடோன்ல சிலிண்டர் நாலுதான் இருக்கு. ஆதாரத்தோட கருத்து சொல்றவங்களுக்குத்தான் முன்னுரிமை. யாராவது ஒரு தொழிலாளியை நேர்ல தெரியுமா?"

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். அந்த ஒரு சொல்லுக்கு அந்தப் படிவங்களில் இடமிருந்த ஒரே கேள்வி அதுதான். நான் அவள் நெற்றியிலிருந்த தையலை நினைத்துக்கொண்டு, "தெரியும்" என்றேன்.

"சும்மா பொதுவாத்தான் சார். ஆராய்ச்சிக்காக. அவர் வீட்டுல என்னென்ன வசதி இருக்கு?"

டிவி இரண்டு என்றேன். ஒன்று ஓடாது என்பதையும் சொன்னேன். அதற்குப் படிவத்தில் கட்டம் இல்லை என்றார்.

"பகல்ல தூங்குவாரா?"

"நேத்து தூங்கினான்."

"வேலைநிறுத்தத்துல ஒழுங்கா நிக்கறாரா, ஊர் சுத்தறாரா?"

"வாரத்துல மூணு நாள் ஆஸ்பத்திரி பெஞ்சுல உக்காந்திருப்பான்."

"சும்மாவா?"

"சும்மாதான்."

"சிரிக்கறாரா?"

"நல்லாச் சிரிப்பான் சார்."

எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார். பெயரையும் எழுதிக்கொண்டார். கையெழுத்துப் போட்டேன். பத்தாவது நிமிஷம் சிலிண்டர் கையில் இருந்தது, எண்ணெய்த் தாளில் சுற்றி, மேலே 'தங்கள் விசுவாசத்துக்கு நன்றி' என்று ஒட்டி. பொருத்தித் தர ஆள் கிடையாது என்றார்கள். பொருத்தத் தெரிந்தவர்களெல்லாம் வாசலில் கொடி பிடித்துக்கொண்டு நிற்கிறார்களாம்.

மச்சினன்தான் மாட்டினான். என் வீட்டு வாசலில், வெயிலில், பேனட்டுக்குள் தலையை விட்டுக்கொண்டு. மாட்டி முடித்ததும் குழாயிலிருக்கும் காற்றை எடுக்க வேண்டும். ஒருவர் பெடலை மிதிக்க வேண்டும், ஒருவர் கீழே படுத்து திறந்து மூட வேண்டும். நான் சீட்டில் உட்கார்ந்தேன். அவன் வண்டிக்கடியில் படுத்தான்.

"மிதிங்க மாமா... அப்படியே பிடிங்க... ம், விடுங்க." நாலு சக்கரத்துக்கும் இப்படி. நடுவில் அடியிலிருந்தே கேட்டான். "எப்படி மாமா குடுத்தானுங்க? அவனுங்க பெத்த அப்பனுக்கே குடுக்க மாட்டானுங்களே?"

"பழைய வாடிக்கையாளர்னு குடுத்தாங்கடா" என்றேன்.

"பரவால்லயே, ஒரு நல்ல காரியம் பண்ணிருக்கானுங்க. மிதிங்க."

மிதித்தேன். பெடல் கல் மாதிரி நின்றது. அவனே அக்காவை ஏற்றித் தெருவை ஒரு சுற்றுச் சுற்றிக் கொண்டுவந்து இறக்கினான். அவள் அன்றைக்குத்தான் பல நாளுக்குப் பிறகு சிரித்தாள். எனக்கும் நிம்மதியாகத்தான் இருந்தது, பொய் சொல்லி என்ன ஆகப்போகிறது.

வேலைநிறுத்தம் முப்பத்தெட்டாம் நாள் முடிந்தது. கேட்டதில் பாதி கிடைத்தது. மச்சினன் புதுச் சட்டை போட்டுக்கொண்டு வேலைக்குப் போனான். ஒரு மணி நேரத்தில் ஒரு கவரோடு எங்கள் சமையலறைக்குத் திரும்பி வந்தான். அவன் அக்கா அப்போது அடுப்பைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"என்னைத் தவிர எல்லாரையும் உள்ள விட்டுட்டான்க்கா. பொதுமக்கள்கிட்டேர்ந்து என்மேல புகாராம்" என்று கடிதத்தைப் படித்தான். "'மேற்படி தொழிலாளி இரண்டு தொலைக்காட்சிப் பெட்டிகளுடன் ஆடம்பரமாக வாழ்கிறார். வேலை நாட்களில் பகலில் உறங்குகிறார். ஆஸ்பத்திரி போன்ற பொது இடங்களில் வாரம் மூன்று முறை காரணமின்றி உட்கார்ந்திருக்கிறார். சத்தமாகச் சிரிக்கிறார். இவரைப் பார்க்கும் வாடிக்கையாளர்கள் கம்பெனிமீது வைத்திருக்கும் விசுவாசம் குலைவதால்...' நம்ம வீட்டு ஓடாத டிவியைக் கணக்குல சேத்த நாய் எவன்க்கா?"

அவள் துணியைக் கீழே போட்டுவிட்டு என்னைப் பார்த்தாள்.

அவன் தாளைத் திருப்பினான். கம்பெனி எதையும் ஒளிக்கவில்லை, முறைப்படி எல்லாம் அச்சடித்திருந்தார்கள். அவன் குரல் இறங்கிப்போனது. "'தகவல் அளித்தவர், சகோதரியின் கணவர். நம்பகத்தன்மை, மிக உயர்வு.'"

சொல்ல வேண்டியதையெல்லாம் சொன்னேன். அவள் விழுந்ததைச் சொன்னேன், தையலைச் சொன்னேன், ஆராய்ச்சிக்கு என்றார்கள் என்று சொன்னேன். நான் பேசுவது எனக்கே விசுவாச அதிகாரி பேசுவது மாதிரிக் கேட்டது. மச்சினன் என்னை அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவன் கடிதத்தை நாலாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, "அக்காவுக்காகன்னு என்கிட்டயே கேட்டிருந்தா நானே எழுதிக் குடுத்திருப்பேனே மாமா" என்றான்.

மறுநாள் ஆஸ்பத்திரி நாள். காரில்தான் போனோம். அவள் பின்சீட்டில் தம்பியோடு உட்கார்ந்துகொண்டாள். வண்டி அருமையாக ஓடியது, மிதித்த இடத்தில் நின்றது.

உள்ளே போகுமுன் அவள் நர்ஸ் மேஜை முன்னால் நின்றாள். "சிஸ்டர், எனக்கு ஏதாவது ஒண்ணுன்னா யாருக்குச் சொல்லணும்னு ஒரு பேர் எழுதிருக்கீங்கல்ல, அதை மாத்தணும்" என்றாள்.

நர்ஸ் கோப்பைப் புரட்டினாள். "வீட்டுக்காரர் பேரு இருக்கு. எதுக்கும்மா மாத்தணும்?"

"தம்பி பேரை எழுதுங்க."

"அப்ப வீட்டுக்காரர் பேரு கீழ இருக்கட்டுமா?"

"வேணாம், அடிச்சிருங்க" என்றாள். நர்ஸ் பேனாவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்ற என்னைப் பார்த்தாள். நான் வாயை மூடிக்கொண்டேன். அடித்துவிட்டாள்.